இரண்டு பெட்டிகளைச் சேர்த்தால் பேஸ் காணாமல் போனது: என் அனுபவம்

களியக்காவிளையிலிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆலயத் திருவிழாக்களுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கப் போகிறேன். பழைய 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டியை பஸ்ஸில் ஏற்ற முடியாது. எனவே எடை குறைந்த கிளாஸ் டி வகைச் சிறிய ஆம்ப்ளிஃபயரும், இலகுவான நியோடைமியம் காந்தம் கொண்ட 12 அங்குல, 8 ஓம் (மின்தடை அளவு) பெட்டிகள் இரண்டும் வாங்கினேன். ஒன்று புதியது, மற்றது கைமாறி வந்தது. சிறிய மேடைக்கு ஒன்று போதும். இரண்டையும் இணையாகச் சேர்த்தால் 4 ஓம், ஆம்ப்ளிஃபயரின் முழுத் திறனும் கிடைக்கும்.

தனித்தனியே இரண்டும் நன்றாக முழங்கின. சேர்த்தவுடன் அடிநாதம் போய்விட்டது. கேபிள், தந்திகள், இரவல் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் என எதை மாற்றியும் பயனில்லை.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. விரல் தட்டும் ஒலி தெளிவாகக் கேட்டது; தடித்த ஈ (E) தந்தி மட்டும் மெலிந்தது. பெட்டிகளை மேடையின் இரு ஓரங்களுக்கு நகர்த்தினால் அது ஓரளவு திரும்பியது. அந்தத் தந்தியின் சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ், அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். அருகருகே உள்ள ஸ்பீக்கர்களின் கூம்புகள் (அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) எதிரெதிராக அசைந்தால் அது பெருமளவு ரத்தாகிவிடும்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் முனைகளில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டேன். புதிய பெட்டியின் கூம்பு வெளியே வந்தது. கைமாறி வந்த பெட்டியின் கூம்பு உள்ளே போனது. அதைத் திறந்து பார்த்தால், ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருந்தன. மாற்றிச் செருகியதும் மேடைப் பலகை அதிர்ந்தது. பெரிய நிம்மதி.

ஒற்றைப் பெட்டியில் இந்தக் கோளாறு காதுக்குப் பிடிபடாது. பழைய பெட்டி வாங்குகிறவர்கள் பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள்.