ஆற்றில் சாயக்கழிவா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை வேலை வாங்கும் வழி

1974 நீர் மாசு தடுப்புச் சட்டப்படி ஆலை இயங்கவும் கழிவுநீரை வெளியேற்றவும் அனுமதிக்கும் இசைவாணை தருவது, மாதிரி எடுப்பது, மூடச் சொல்வது எல்லாமே மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. ஆகவே மனுவை வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். கலெக்டருக்கு நகல் போதும்.

அதற்கு முன் ஆலையின் இசைவாணை நிபந்தனைகளைப் பாருங்கள். அவற்றைக் குறித்துவைக்கும் வாரியப் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் பார்வையிட அதே சட்டத்தின் 25(6) பிரிவு இடம் தருகிறது. காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். ஆற்றில் விட அனுமதி உள்ள ஆலைக்குப் பொதுவான வரம்பு பி.ஓ.டி. (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) 2,100. ஆனால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. அதை நிறைவேற்றாததால்தான் 2011 ஜனவரியில் அவற்றை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே அளவைப் பற்றி வாதாடவே தேவையில்லை, குழாய் ஆற்றுக்கு வருவதைக் காட்டினால் போதும்.

பலரும் சறுக்குவது மாதிரியில். நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீரை வைத்து ஆலை மீது குற்ற வழக்கு நிற்காது. 21-ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு எடுத்தால்தான் அது சாட்சியம். உங்கள் அளவீடு அவரை அங்கே வரவழைக்கத்தான். ஆற்றோட்டத்தில் கழிவு கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து, தேதி, நேரம், இடக்குறியோடு படம் எடுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்: பிளீச்சிங் போட்டால் சாயம் வெளுக்கும், உப்பு அப்படியே இருக்கும். திறந்துவிடுவது பெரும்பாலும் இரவிலும் மழையிலும்தான். எந்த நேரத்தில் வந்தால் சிக்கும் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். பகல் பதினொரு மணிக்கு வரும் ஜீப்புக்கு எதுவும் அகப்படாது.

மனுவில் கேட்க வேண்டியவை இரண்டு: 21-இன்படி மாதிரி, மீறல் உறுதியானால் 33ஏ-இன்படி மூடல், மின் துண்டிப்பு. பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

அசைவில்லையென்றால், வழக்குத் தொடரப்போவதாக 49-ஆம் பிரிவில் வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்கலாம். கெடு முடிந்ததும் நீங்களே மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். கையிலுள்ள அறிக்கைகளையும் வாரியம் தர வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால் அதன் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் மனுச் செய்வதற்கான 6 மாதக் கெடு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்தே ஓடுகிறது. மனு மேல் மனு போட்டு அதைத் தவறவிட்டவர்கள் ஏராளம். இழப்பீட்டுக்கு மட்டும் 5 ஆண்டு அவகாசம் உண்டு.