மூணு கல், ஏழு குடம்: புதையல் கதையை ஆவணத்தில் தேடுவது எப்படி

களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் ஊர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபோது கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை ஏழு குடம் வராகனோடு, அதாவது பொற்காசோடு, இந்தப் பக்கம் வந்தார், மூணு கல்லுக்கு நடுவே புதைத்தார் என்பது ஊர்க்கதை. முப்பது வருஷம் சர்வேயராகச் சங்கிலி இழுத்தவன் நான். கடப்பாரையோடு கிளம்புகிறவர்கள் என்னிடம் வந்து நிற்பார்கள். மை போட்டுப் பார்ப்பவரிடம் போகும் முன்னே வந்தால் நல்லது. போன பிறகு கையில் காசு இருக்காது.

முதலில் கதையைச் சொல்பவர் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யார், எப்போது, எவ்வளவு, எந்தத் திசை. நாலையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

தேதியில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். சித்தப்பா வீட்டுப் பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது: 'சித்தார்த்தி வருஷம் ஐப்பசி'. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799 அக்டோபர் சித்தார்த்தி வருஷம்தான், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும்: 1859, 1919, 1979. கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு, இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் அது அடிக்கடி இருக்கும். ஐப்பசி மாதமென்றால் அதோடு 824-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். எங்கள் காகிதத்தின் ஓரத்தில் கிறுக்கல் மாதிரி ஒன்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தமிழ் எண்ணில் ௲௯௰௫. அதாவது 1095. கணக்குப் போட்டால் 1919! 1799 என்றால் ௯௱௭௰௫, அதாவது 975 என்றிருக்க வேண்டும்.

அடுத்தது திசை. கோட்டை கடைசியாக விழுந்தது 1801 மே 24. தப்பிய ஊமைத்துரை போனது வடக்கே, கமுதி வழியாக மருது சகோதரர்களிடம். எங்கள் ஊரோ தென்மேற்கே. இதற்கு கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் தொடங்கலாம். ஆனால் அது எண்பது வருஷம் கழித்து எழுதியது. முற்றுகையில் இருந்த வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரியின் நினைவுக் குறிப்புகள் 1830-ல் அச்சாயின. அதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கலெக்டர் கடிதங்கள், ராணுவ ஆலோசனைக் குறிப்புகள். பாஞ்சாலங்குறிச்சி இன்று தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் 1986-க்கு முந்தையதைத் திருநெல்வேலியில்தான் தேட வேண்டும்.

அளவுக்கு வருவோம். 1798 மே கடைசியில் கட்டபொம்மன் பாக்கி என்று கும்பினி கணக்கு வைத்தது 3,310 வராகன். நட்சத்திர வராகன் ஒன்று சுமார் 3.4 கிராம். மொத்தம் பதினோரு கிலோ சொச்சம், ஒரு சொம்புக்குள் அடங்கிவிடும். தண்ணீர்க் குடம் நிறைய வராகன் போட்டால் எண்பது கிலோவுக்கு மேல் போகும். அப்படி ஏழு குடம் வைத்திருந்தவர் ஒரு சொம்புக் காசுக்காகவா கலெக்டரோடு மல்லுக்கட்டினார்?

மூணு கல்லையும் போய்ப் பார்த்தேன். ஒன்றில் அம்புக்குறி வெட்டியிருந்தது. எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் புத்தக வரைபடத்தில் அதே இடத்தில் மூன்று கிராம எல்லை சந்திக்கிறது. சென்னை மாகாணத்தில் சர்வே இலாகா வந்ததே 1858-ல்தான். அப்படியானால் அது ஊமைத்துரை காலத்து அடையாளமில்லை, சர்வே கல். உங்கள் ஊர் அடையாளத்தையும் இப்படி வரைபடத்தோடு ஒத்துப்பாருங்கள்.

தோண்டுகிற ஆசை இன்னும் இருந்தால்: 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மலைப் பக்கம் புலிகள் காப்பகம், அங்கே கடப்பாரையோடு போகவே கூடாது.

இவ்வளவையும் சித்தப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "சரிலே, ஊமைத்துரை வரல. அவர் ஆள் ஒருத்தன் ஒரு சொம்போட வந்திருக்கக் கூடாதா?"

அடுத்த மாதம் மறுபடி எழும்பூர் போகிறேன்.