தியான நூல்களைப் பயிற்சிக்காகப் படிக்கும் முறை

பதஞ்சலியின் யோக சூத்திரம் 195 சூத்திரங்களைக் கொண்டது. சில பதிப்புகளில் 196. மாண்டூக்ய உபநிடதத்தில் இருப்பவை 12 மந்திரங்களே. ஒரே மாலையில் இரண்டையும் வாசித்து முடித்துவிடலாம் என்பதுதான் இவற்றை அணுகுவோர் முதலில் சறுக்கும் இடம். நெஞ்சில் இருத்தி, ஆசிரியரின் வாய்மொழி விளக்கத்தோடு பழகுவதற்காகச் சுருக்கி அமைக்கப்பட்ட நூல்கள் இவை. எனவே பத்து நூல்களைச் சேர்த்து வைத்துக்கொள்வதைவிட, ஒரு நூலின் ஒரு பகுதியை எடுத்து, அது சொல்வதைச் சில வாரங்கள் உட்கார்ந்து செய்து பார்த்து, மீண்டும் அதே பகுதிக்குத் திரும்புவதே பயன் தரும்.

தொடங்குவதற்குப் பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் ஏற்றது. 47 சுலோகங்களில் இருக்கை, உடல்நிலை, உணவிலும் உறக்கத்திலும் அளவு, மனத்தை மீட்கும் முறை ஆகிய அனைத்தும் நேரடியாகச் சொல்லப்பட்டுள்ளன. 26ஆம் சுலோகம், நிலையற்ற மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்கிறது. ஓடாமல் தடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனித்துப் படிப்பவருக்கு, மனம் அலைந்ததையே தோல்வியாக எண்ணும் வருத்தம் பாதி குறையும். மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் கடினம் என்று அர்ஜுனன் முறையிடும்போது கண்ணன் அதை மறுப்பதில்லை; கடினம்தான் என்று ஒப்புக்கொண்டு, பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது கைகூடும் என்கிறான். யோக சூத்திரத்தின் முதற்பாதம் (நான்கு பகுதிகளுள் முதலாவது), 12ஆம் சூத்திரம் சொல்வதும் இதே இரண்டைத்தான்.

அடுத்ததாக எடுக்க வேண்டியது பாலி மொழியில் உள்ள ஆனாபானசதி சுத்தம் (‘சுத்தம்’ என்பது சூத்திரத்தின் பாலி வடிவம்; இங்கே புத்தரின் உரை). மஜ்ஜிம நிகாயம் என்னும் பௌத்தத் தொகுப்பின் 152 சுத்தங்களில் 118ஆவது. மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை இது 16 படிகளாக, நந்நான்காக வகுக்கிறது: முதல் நான்கும் உடல் பற்றியவை, அடுத்த நான்கும் உணர்ச்சி பற்றியவை, மூன்றாம் நான்கு சித்தம் பற்றியவை, கடைசி நான்கு நிலையாமையில் தொடங்கி விட்டுவிடுதலில் முடிபவை. இதைப் படிக்கும்போது வினைச்சொற்களின்மேல் கண் வைக்க வேண்டும். நீண்ட மூச்சை நீண்டது என்றும் குறுகிய மூச்சைக் குறுகியது என்றும் பயிலும் துறவி ‘அறிகிறார்’ என்பவை முதலிரண்டு படிகள். மூன்றாம் படியிலிருந்து இறுதிவரை ‘பயில்கிறார்’ என்று வினை மாறிவிடுகிறது. தொடக்கத்தில் செய்ய வேண்டியது அறிதல் மட்டுமே, மூச்சைத் திருத்துதல் அன்று என்பது அந்த ஒரு சொல்மாற்றத்திலேயே அடங்கியிருக்கிறது. பதஞ்சலி கூறும் பிராணாயாமமோ, உள்மூச்சு வெளிமூச்சுகளின் ஓட்டத்தைத் துண்டிப்பது. இரண்டும் மூச்சைப் பற்றியவை என்பதற்காக ஒரே அமர்வில் கலந்து செய்தால் இரண்டுமே குழம்பும்.

யோக சூத்திரத்தை வியாசரின் உரையுடன் மட்டுமே படிக்க வேண்டும்; உரையின்றிப் பல சூத்திரங்கள் வெறும் சொற்கோவையாகவே நின்றுவிடும். முதற்பாதத்தின் 51 சூத்திரங்களையும், இரண்டாம் பாதத்தில் எட்டு அங்கங்களைப் பற்றிய பகுதியையும் நிதானமாகப் பயில வேண்டும். சித்திகளை விவரிக்கும் மூன்றாம் பாதத்தின் பெரும்பகுதியை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம்; அவை சமாதிக்கு இடையூறுகள் என்று பதஞ்சலியே எச்சரித்திருக்க, நம்மில் பலர் அந்தப் பாதத்தைத்தான் முதலில் புரட்டுகிறோம்.

யோகம், பௌத்தம் என்ற இரு மரபுகளையும் சேர்த்துப் படிப்பவர் ஒரு சிறு சொல்லேட்டை வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு வேலை செய்கிறது. பாலியின் ‘ஜான’ என்பது வடமொழித் தியானமே. தமிழ் எழுத்தில் பார்க்கும்போது அதை ஞானம் என்று மயங்கிவிடக் கூடாது. நினைவு என்னும் பொருளுள்ள ‘ஸ்மிருதி’யைப் பதஞ்சலி ஓரிடத்தில் அடங்க வேண்டிய ஐந்து சித்த விருத்திகளுள் (மன அசைவுகளுள்) ஒன்றாக வைக்கிறார், அதன் பாலி வடிவமான ‘சதி’யோ பௌத்தத்தில் இடையறாது வளர்க்க வேண்டிய விழிப்பு. அதே பதஞ்சலி முதற்பாதத்தின் 20ஆம் சூத்திரத்தில் சிரத்தை, வீரியம், ஸ்மிருதி, சமாதி, பிரஜ்ஞை என்று வரிசைப்படுத்தும்போது, அது பௌத்தம் கூறும் ஐந்து இந்திரியங்களின் (ஐம்புலன்கள் அல்ல, வளர்க்க வேண்டிய ஐந்து மன ஆற்றல்களின்) பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. ஆகவே மொழிபெயர்ப்பு ஒன்றை மட்டும் நம்பாமல், ஐயம் எழும் இடங்களில் இரண்டை ஒப்பிட்டு, மூலச்சொல் எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தன்னை அறிதல் பற்றிய நூல்களை, சிறிது காலமேனும் உட்கார்ந்து பழகிய பின் எடுப்பதே முறை. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்குக் கேட்டல், சிந்தித்தல், ஆழ்ந்து தியானித்தல் என்ற மூன்றையும் சொல்கிறார். வாசிப்பு என்பது முதலாவதோடு நின்றுவிடுகிறது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் பகுதியில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ‘நீ அதுவாக இருக்கிறாய்’ என்பதை ஒன்பது முறை, உவமைகளை மாற்றி மாற்றிச் சொல்வதால், நாளுக்கு ஓர் உவமை என்று எடுத்துக்கொள்வது பொருந்தும். விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம், நான்காவதான துரியம் என்று செல்லும் மாண்டூக்யத்தைக் கடைசியில் வைக்கலாம்.

இங்கே பௌத்த நூல்கள் பிரிந்து செல்கின்றன. உடல் முதலான ஐந்து கந்தங்களையும் (மனிதனை ஆக்கும் ஐந்து கூறுகளையும்) ‘இது எனதன்று, இது நானன்று, இது என் ஆன்மா அன்று’ என்று பார்க்கச் சொல்கிறது அனத்தலக்கண சுத்தம். வேதாந்தியும் உடலையும் மனத்தையும் ‘நான் அல்ல’ என்றே விலக்குகிறார். ஆனால் விலக்கியபின் எஞ்சும் சாட்சியை ஆன்மா என்கிறார். புத்தரோ கவனிக்கும் உணர்வையும் ஐந்தாம் கந்தமாகச் சேர்த்தே விலக்கச் சொல்கிறார். இரண்டும் ஒன்றே என்று விரைந்து சமாதானம் செய்துகொள்வது இரண்டையும் படிக்காமல் இருப்பதற்குச் சமம் என்பது என் கருத்து. ஏதேனும் ஒன்றைச் சில மாதங்கள் அதன் போக்கிலேயே தொடர்ந்துவிட்டு, பிறகு மற்றதைத் திறக்கலாம்.

அன்றாட ஒழுங்கு எளியது: உட்காருவதற்கு முன் ஒரு சுலோகமோ ஒரு பத்தியோ, இருமுறை, உட்கார்ந்திருக்கும்போது நூலை நினைக்காதிருத்தல், எழுந்தபின் நேர்ந்ததை இரண்டு வரிகளில் எழுதுதல். தடை வரும்போது அதற்குரிய இடத்தைத் திறக்க வேண்டும். நோய், ஐயம், சோம்பல் முதலிய ஒன்பது இடையூறுகள் யோக சூத்திரத்தின் முதற்பாதம், 30ஆம் சூத்திரத்தில் உள்ளன. மனம் மங்கினால் எழுப்பு, சிதறினால் அமைதிப்படுத்து என்று மாண்டூக்யத்துக்கு விளக்கமான மாண்டூக்ய காரிகையில் அதன் ஆசிரியர் கௌடபாதர் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். மனக்கலக்கம் மிகுந்து அன்றாட வாழ்வே தடுமாறினால் நூலை மூடிவிட்டு, அறிந்த ஆசிரியரையும் மருத்துவரையும் நாட வேண்டும். வெறும் தூக்கம்தான் தொல்லை என்றால், அங்குத்தர நிகாயம் என்னும் மற்றொரு பாலித் தொகுப்பின் ஏழாம் தொகுதியில் புத்தர் தம் சீடர் மொக்கல்லானருக்குச் சொன்ன வழிகளைப் படிக்கலாம்: காதுகளை இழுத்துவிடுதல், கண்களை நீரால் கழுவி விண்மீன்களைப் பார்த்தல், எழுந்து நடத்தல். அத்தனைக்குப் பிறகும் தூக்கம் விடவில்லை என்றால், விழித்தெழும் எண்ணத்தோடு வலப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொள் என்கிறார்.