லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குக் காரில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்கு இங்கிலாந்தின் மடாலய இடிபாடுகளைக் காரில் சுற்றிப் பார்க்கக் கிளம்புவோர் பலர், விட்பியில் தொடங்கி லிண்டிஸ்ஃபார்னில் முடிப்பதாக வழியை வகுத்துக்கொண்டு, நேரக் கணக்கைக் கூகுள் மேப்பிடம் விட்டுவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். தீவுக்குச் செல்லும் தரைப்பாலம் நாளுக்கு இருமுறை கடலில் மூழ்குகிறது. மூழ்கும் நேரமும் தினந்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே தீவுக்குரிய நேரத்தை முதலில் உறுதிசெய்துவிட்டு, விட்பி, ரீவோ மடாலயங்களை அதற்கேற்ப முன்பின்னாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

அருகிலுள்ள துறைமுகத்தின் ஓத (கடல்நீர் ஏறி இறங்கும் நேர) அட்டவணையைப் பார்த்துக் கிளம்புவதும் போதாது. உள்ளாட்சி அமைப்பான நார்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சில் வெளியிடும் கடக்கும் நேர அட்டவணையையே நம்ப வேண்டும். பலத்த காற்று வீசும் நாளில் அந்த நேரத்தின் விளிம்பு வரை காத்திருப்பதும் ஆபத்து. தீவின் பக்கம் தார்ச்சாலை காய்ந்தே கிடக்கும்போது, மறுமுனையில் ஓடைமேல் உள்ள பாலத்தருகே தண்ணீர் ஏறியிருக்கும். அங்கே கால்கள் மேல் நிற்கும் வெள்ளை நிறச் சிறு மரக்கூண்டு, காரைக் கடலுக்கு விட்டுவிட்டு ஏறி உயிர்தப்புவதற்காகக் கட்டப்பட்டது. அதைப் பார்த்த பிறகும் துணிந்து காரை இறக்குவோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு.

தீவின் மடாலய இடிபாடுகளைப் பார்த்தவுடன், வட ஐரோப்பியக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகள்மேல் பழி போடுவது இன்னொரு தவறு. புனித எய்டன் 635இல் நிறுவிய மடத்தை அவர்கள் 793இல் சூறையாடியது உண்மை. ஆனால் இன்று நாம் காணும் சிவந்த மணற்கல் தூண்களும், கூரை போன பின்பும் அந்தரத்தில் நிற்கும் ஒற்றை வளைவும் 12ஆம் நூற்றாண்டு மடாலயத்தைச் சேர்ந்தவை. மன்னர் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்த காலத்தில், 1537இல், அது மூடப்பட்டது. விட்பி, ரீவோ, ஃபவுன்டன்ஸ் ஆகியவற்றுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. மடாலயத்தின் கற்களைப் பெயர்த்தே தீவின் கோட்டையும் எழுப்பப்பட்டது என்பதால், இரண்டையும் ஒரே நாளில், மடாலயத்தை முதலில் பார்ப்பது நல்லது.

கோட்டைக்குள் அரச தர்பாரை எதிர்பார்க்கக் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் அதை விடுமுறை இல்லமாக மாற்றிவிட்டார். நுழைவுச்சீட்டும் வெவ்வேறு: கோட்டை நேஷனல் டிரஸ்ட், மடாலயம் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற இரு வேறு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகளிடம் உள்ளன. ஓதத்தைப் பொறுத்துத் திறக்கும் நேரங்கள் மாறக்கூடும் என்பதால், இரண்டையும் முந்தைய நாளே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.