புயல் நேரத்துல கடல பத்தி நாம போடுற தப்புக் கணக்கு

ஐப்பசி பொறந்தாலே டெல்டால எல்லார் போன்லயும் காத்து வேகத்த கலர் கலரா மேப்புல காட்டுற விண்டி ஆப்தான், டீக்கடைக்கு ரெண்டு பேர் புயல் ஜோசியம் சொல்லுவாங்க. பாக்கட்டும், ஆனா காத்து கலர மட்டும் பாத்துட்டு கடல விட்டுடுறாங்க.

"நாலு நாளா மழை, கடல் குளுந்துருச்சு, இனி புயல் வலுக்காது"ன்னு ஒரு பேச்சு வரும். அத நம்பாதீங்க. புயலுக்குத் தீனி மேலாப்புல இருக்க சூடு மட்டும் இல்ல, சுமார் 50 மீட்டர் ஆழம் வரைக்கும் 26.5 டிகிரிக்கு மேல இருக்கணும். பொதுவா புயலே கடல கலக்கி அடியில இருக்க குளுந்த தண்ணிய மேல இழுத்து தன் தீனிய தானே கெடுத்துக்கும், அதுவும் மெதுவா நகர்ற புயல்னா இன்னும் ஜாஸ்தி. ஆனா வங்கக்கடல்ல கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதின்னு ஆத்துத் தண்ணி எக்கச்சக்கமா கலக்குது, உப்பு கம்மியான அந்த லேசான தண்ணி மேல மூடி போட்ட மாதிரி நிக்கும், கொஞ்சம் நம்ம கரையோரமா தெக்க வரைக்கும் இறங்கி வரும், அதனால அடிக்குளிர்ச்சி அவ்ளோ சீக்கிரம் மேல வராது.

அடுத்து துறைமுகத்துல ஏத்துற புயல் எச்சரிக்கைக் கூண்டு. 8ம் நம்பர் கூண்ட விட 10ம் நம்பர்னா பெரிய புயல்னு நினைக்கிறது தப்பு. 8, 9, 10 மூணுமே பெரிய அபாயம்தான். புயல் போற பாதைக்கு துறைமுகம் இடப்பக்கமா, வலப்பக்கமா, இல்ல அதுமேலயே வருதாங்கறதுதான் வித்தியாசம்.

மேற்க பாத்து வர்ற புயல் நாகைல கரைய கடந்தா தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் காத்து கடல கரைக்குத் தள்ளும், வேதாரண்யம் பக்கம் தரைக்காத்து அடிச்சு கடல் உள்ள போகும். தண்ணி வாங்குதேன்னு வேடிக்கை பாக்கப் போகாதீங்க, மையம் தாண்டுனதும் காத்து திரும்பும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கரை தெக்க பாத்தது, கடலும் ஆழமில்லாதது, அங்க பின்னாடி வர்ற தெக்குக் காத்துதான் வில்லன். நடுவுல புயலோட கண்ணு, அதாவது அமைதியா இருக்க மையம், வந்து காத்து நின்னாலும் வெளிய வராதீங்க.

எனக்குப் பெருசா படுறது வேற. "சாதா புயல்தான்"னு அசட்டையா இருக்குறது. 2018 கஜா காத்துலயே தென்னந்தோப்பெல்லாம் சாச்சுது, சரி. 2008 நிஷா காத்துல அவ்ளோ பெருசில்ல, ஆனா ஒரத்தநாட்டுல ஒரே நாள்ல 66 செ.மீ. கொட்டுச்சு. அப்டி பெய்யிற தண்ணி வடியணும்ல? ஆத்துப் பாசனம் முடியிற கடைமடைல "கடல் வாங்கல"ன்னு, அதாவது வடியிற தண்ணிய கடல் உள்ள எடுத்துக்கலன்னு சொல்லுவாங்களே, அதான் விஷயம். கடல்காத்து கரைய பாத்து அடிக்கிற வரைக்கும் கடல் மட்டம் ஏறி முகத்துவாரத்துல எதுத்து நிக்கும், அமாவாசை பௌர்ணமிக்கு கடல் ஏறுற ஓதமும் சேந்துச்சுன்னா வெட்டாறு, அரிச்சந்திரா நதி எல்லாம் தேங்கி சம்பா வயலுக்குள்ள ஏறும், புயல் கடந்துருச்சுன்னு நியூஸ்ல சொன்ன பிறகும் நாள்கணக்கா நிக்கும். புயல் தேதி தெரிஞ்சா காலண்டர்ல திதியையும் பாருங்க, வடிகால் வாய்க்கால்ல கிடக்குற ஆகாயத்தாமரைய மழைக்கு முன்னாடியே எடுத்துருங்க, மழை நின்னப்புறம் எடுத்துக்கலாம்னா அதுக்குள்ள பயிரு அழுகிப்போயிரும்.