கரண்டு என்ற ஒரே சொல்லை வைத்து எக்ஸ்ரே படிக்க முடியாது

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் மின்சாரத்தைப் பற்றி எது பேசினாலும் ஒரே சொல்தான். விளக்கு அணைந்தால் "கரண்டு போச்சு". தொட்டால் "கரண்டு அடிச்சிருச்சு". மாதம் பிறந்தால் "கரண்டு பில்லு". பேச்சுக்கு இது போதும். ரேடியோகிராஃபி படிக்கப் போகும் பிள்ளைகள் இதையே வகுப்புக்கும் கொண்டுபோவதுதான் வம்பு. நான் ஜூரு எக்ஸ்ரே, அதாவது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் பாடம் கேட்க வீட்டுக்கு வருவார்கள். அவர்களுடைய நோட்டில் ஓயாமல் சிவப்பு மையில் திருத்துவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய தவறு, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒன்றாக்குவது. "அண்ணே, நெஞ்சு எக்ஸ்ரேக்குக் கரண்டைக் கூட்டணுமா?" என்பார்கள். எதைக் கூட்டுவது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் உண்டிவில்லைச் சொல்வேன். ரப்பர் கொட்டையை வைத்து எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோமோ, அதுதான் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில். ஒரு விநாடிக்கு எத்தனை கொட்டை விட்டோம் என்பது மின்னோட்டம், மில்லிஆம்பியரில். லேசாக இழுத்து ஆயிரம் கொட்டை விட்டாலும் எதையும் துளைக்காது. கைக்கு 50, 55 கிலோவோல்ட் போதும். பெரியவர்களின் நெஞ்சுக்கு 110 முதல் 125 வரை போகிறோம். ஊடுருவும் திறனை முடிவு செய்வது மின்னழுத்தம். மில்லிஆம்பியரைக் கூட்டினால் கதிர்களின் எண்ணிக்கைதான் கூடும், நோயாளிக்குப் போகும் அளவும் சேர்ந்து கூடும்.

மில்லிஆம்பியரை நேரத்தால் பெருக்கினால் வருவது மின்னோட்டம் இல்லை, மின்னூட்டம், அதாவது மொத்தம் பாய்ந்த சார்ஜ். 200 மில்லிஆம்பியரை 0.1 விநாடி விட்டால் 20 மில்லிஆம்பியர்-விநாடி, அதாவது 20 மில்லிகூலும். இதைப் புரிந்துகொண்டவர்கள், நேரத்தைப் பாதியாக்கினால் மில்லிஆம்பியரை ஏன் இரட்டிப்பாக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

அடுத்தது மின்மாற்றி, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர். மின்னழுத்தத்தை ஏற்றும்போது மின்னோட்டமும் சேர்ந்து ஏறும் என்று எழுதுகிறார்கள். அப்படி நடந்தால் நாமெல்லாம் மின்சாரம் விற்றே பணக்காரராகிவிடலாம். இழப்புகளை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். 230 வோல்ட்டை 500 மடங்காக்கினால் 1,15,000 வோல்ட். ஏற்றிய பக்கம் 400 மில்லிஆம்பியர் ஓடினால், 230 வோல்ட் பக்கம் 200 ஆம்பியர் இழுக்கும். வீட்டுப் பிளக்கில் இருப்பதோ 13 ஆம்பியர் ஃபியூஸ். பெரிய எக்ஸ்ரே அறைக்கு ஏன் மூன்று ஃபேஸ் இணைப்பு என்பது இப்போது தெரிந்திருக்கும். இன்னொன்று, மின்மாற்றி மாறுதிசை மின்னோட்டத்தில்தான் வேலை செய்யும். பேட்டரியை நேராக அதில் மாட்டி, மறுபக்கம் தொடர்ந்து மின்சாரம் வருவதாகப் படம் போடாதீர்கள்.

230 வோல்ட் என்பது உச்ச அளவும் இல்லை. உச்சம் 325-ஐத் தொடும். மெஷினில் நாம் அமைக்கும் கிலோவோல்ட் உச்ச அளவு. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால் விடை தப்பாகத்தான் வரும்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் இருந்த பெரியவர்களிடம் ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள். முன்பெல்லாம் தோட்டத்து ஜெனரேட்டரை மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓட்டுவார்கள். அதன் பக்கத்து வீட்டில் பல்பு பளிச்சென்று எரியும், கடைசி வீட்டில் மஞ்சளாக மங்கும். நீளமான ஒயரின் தடையில் கொஞ்சம் வோல்ட்டேஜ் கரைந்துபோகிறது. அதே கதைதான் இங்கேயும். வெளியிலிருந்து வரும் மின்னழுத்தம் இறங்கினால், சரிக்கட்ட ஏற்பாடு இல்லாத மெஷினில் கிலோவோல்ட்டும் இறங்கும், படம் வெளிறும். அந்த ஏற்பாட்டைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு "இது எதுக்கு?" என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

எக்ஸ்ரே ட்யூபுக்குள் சூடாகி எலக்ட்ரான்களை விடும் கம்பிதான் ஃபிலமென்ட். ஃபிலமென்ட் மின்னோட்டத்தையும் ட்யூப் மின்னோட்டத்தையும் குழப்பாதீர்கள். ஃபிலமென்ட்டில் ஓடுவது 3 முதல் 5 ஆம்பியர், சுமார் 10 வோல்ட்டில், அதைச் சூடாக்க மட்டும். எதிர்மின்வாயிலிருந்து நேர்மின்வாய்க்குத் தாவும் எலக்ட்ரான்கள்தான் ட்யூப் மின்னோட்டம், அது மில்லிஆம்பியரில். ஃபிலமென்ட்டில் கொஞ்சம் கூட்டினாலும் ட்யூப் மின்னோட்டம் நிறையவே எகிறும்.

யூனிட்டில் தடுக்கி விழுபவர்களுக்கு ஒரு கணக்கு. 100 கிலோவோல்ட், 400 மில்லிஆம்பியர். கிலோவும் மில்லியும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். மிச்சம் 40,000 வாட், அதாவது 40 கிலோவாட். ஒருத்தி 40,000 கிலோவாட் என்று எழுதியிருந்தாள். "இந்த ஒரு படத்துக்கு ஊர் கரண்டையே உறிஞ்சிருவே போலிருக்கே" என்றேன். அந்த ஆற்றலில் எக்ஸ்ரே ஆவது ஏறக்குறைய 1 சதவீதம், மீதியெல்லாம் சூடு.

இடையில் ஒன்று: மலாயாவில் முதலில் மின்சாரம் எடுத்தது 1894-இல் ரவாங்கில். லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக ஜெனரேட்டர் வைத்தார்கள். மறு வருடம் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். பரீட்சையில் வராது, தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக எர்த், அதாவது மெஷினைத் தரையோடு இணைக்கும் ஒயர். அதில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறார்கள். கோளாறு வந்தால்தான் ஓட வேண்டும். மெஷினின் உலோக உடம்பில் மின்சாரம் கசிந்தால், நம் உடம்பு வழியாகப் போகாமல் தரைக்குப் போக எளிதான வழி அது. சொவிட்சை அணைத்ததும் ஆபத்து போய்விட்டது என்றும் நம்பாதீர்கள். மின்தேக்கி (கெப்பாசிட்டர்) உள்ள மெஷினில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். போன வாரம் இதையெல்லாம் விளக்கி முடித்துத் திரும்பினால், ஒரு பையன் என் வீட்டுச் சுவர் சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவைச் சொருகி, கீழ்த் துளைகளின் மூடியைத் திறந்து, இரண்டு முள் சார்ஜரை மாட்டிக்கொண்டிருக்கிறான். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். "தம்பி, இப்ப எந்த ஓட்டைல பேனாவ விட்டே?" என்றேன். எர்த் என்று சரியாகத்தான் சொன்னான்.