லாட் பட்டியல் ஏன் காலியாக வந்தது: போர்ட்டலை லேப்டாப்பிலும் கண்டெய்னரிலும் ஓட்டும் முறை

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்குப் போர்ட்டல் செய்து கொடுத்தேன். எந்த லாட் (ஒன்றாகச் சாயம் ஏற்றும் துணித் தொகுதி) சாயத்தில் இருக்கிறது, எது காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் கடைசி வேலை) முடிந்து டெலிவரிக்கு நிற்கிறது என்று பார்ட்டிகள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். பக்கங்கள் எழுத ரியாக்ட், அவற்றை ஓட்டிப் பார்க்கவும் பில்ட் செய்யவும் (பிரவுசருக்குப் போகும் ஃபைல்களாக மாற்றவும்) வீட் (Vite), எந்த மெஷினிலும் ஒரே மாதிரி ஓட கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைக்க டாக்கர். என் லேப்டாப்பில் அருமையாக ஓடியது. பட்டறை சர்வரில் ஏற்றியதும் சூப்பர்வைசர் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, "பக்கம் வருது கண்ணு, லாட்டு ஒண்ணையும் காணோமே" என்றார். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. உங்களுக்கு ஆகக்கூடாது.

நோட் 22-ம் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டுவது, பேக்கேஜ் இறக்கும் என்பிஎம் இதோடு வரும்) டாக்கரும் போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் லேப்டாப்பில்

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் 'என்பிஎம் சிஐ', அடுத்து 'என்பிஎம் ரன் டெவ்'. 5173 போர்ட்டில் பக்கம் வந்துவிடும். 'இன்ஸ்டால்' வேண்டாம், 'சிஐ'தான் நல்லது. லாக் ஃபைலில் இருக்கிற வெர்ஷன்களையே இறக்கும்.

ப்ரோக்ராம் கோடு எழுதும்போது கண்டெய்னர் தேவையில்லை என்பது என் கட்சி. அப்படித்தான் வேண்டும் என்றால் 'ஹோஸ்ட் 0.0.0.0' கொடுங்கள். இல்லையென்றால் வீட் கண்டெய்னருக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து பக்கம் திறக்காது.

2. ஏபிஐ முகவரி

பக்கம் லாட் விவரத்தைக் கேட்டு வாங்கும் பேக்எண்ட் ப்ரோக்ராமின் முகவரி. நான் மாட்டிக்கொண்ட இடம் இது. செட்டிங்குகள் வைக்கும் '.என்வ்' ஃபைலில் 'வீட்_ஏபிஐ_யூஆர்எல்' என்று லோக்கல்ஹோஸ்ட் 8000-ஐக் கொடுத்திருந்தேன். சர்வரில் கண்டெய்னரை ஓட்டும்போது சரியான முகவரியைக் கொடுத்தேன். மாறவே இல்லை. கடைசியில், பில்ட் முடிந்த ஃபைல்கள் விழும் 'டிஸ்ட்' ஃபோல்டரில் இருந்த ஜேஎஸ் ஃபைலைத் திறந்து 8000 என்று தேடினேன். முடிவே இல்லாத ஒற்றை வரியின் நடுவில் என் லேப்டாப் முகவரி அப்படியே இருந்தது.

வீட் அந்த மதிப்பை பில்ட் ஆகும்போதே கோடுக்குள் எழுதிவிடுகிறது. நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: இது நூலிலேயே ஏற்றிய சாயம். நிட்டிங் முடிந்த பிறகு கலர் மாற்ற முடியாது. அதோடு, லோக்கல்ஹோஸ்ட் என்றால் பக்கத்தைத் திறந்த கருவி. சூப்பர்வைசரின் போன் லாட் பட்டியலைத் தனக்குள்ளேயே தேடியிருக்கிறது.

அதனால் கோடில் முழு முகவரியே வேண்டாம். '/ஏபிஐ/' என்று மட்டும் எழுதுங்கள். லேப்டாப்பில் வீட் கான்ஃபிக்கின் 'சர்வர்.ப்ராக்ஸி' அதை 8000-க்கு அனுப்பும். கண்டெய்னரில், பக்கங்களைக் கொடுக்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் (nginx) 'ப்ராக்ஸி_பாஸ்' அனுப்பும். அங்கே லோக்கல்ஹோஸ்ட் எழுதாதீர்கள், அது என்ஜின்எக்ஸ் கண்டெய்னரையே குறிக்கும். கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டச் சொல்லும் கம்போஸ் ஃபைலில் பேக்எண்ட் சர்வீஸுக்கு வைத்த பெயரை எழுதுங்கள். ஒரே இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) எந்த சர்வரிலும் ஓடும்.

3. டாக்கர்ஃபைல்

இமேஜை எப்படிச் செய்வது என்று டாக்கருக்குச் சொல்லும் ஃபைல் இது. இரண்டு கட்டம். முதல் கட்டம் நோட் இமேஜ்: பேக்கேஜ் ஃபைல், லாக் ஃபைல் இரண்டை மட்டும் காப்பி செய்து 'என்பிஎம் சிஐ', அதன் பிறகு மீதிக் கோடு, பில்ட். இந்த வரிசையில் போட்டால் கோடில் ஒரு வரி மாற்றியதற்காக எல்லா பேக்கேஜும் மறுபடி இறங்காது. இரண்டாம் கட்டத்தில் 'டிஸ்ட்' மட்டும் என்ஜின்எக்ஸ் இமேஜுக்குப் போகும்.

இமேஜுக்குள் காப்பி ஆகக்கூடாதவற்றைச் சொல்லும் '.டாக்கர்இக்னோர்' ஃபைலில் 'நோட்_மாட்யூல்ஸ்' (லேப்டாப்பில் பேக்கேஜ்கள் இறங்கிய ஃபோல்டர்) கட்டாயம் இருக்கட்டும். உதாரணமாக, பில்டுக்கு உதவும் ஈஎஸ்பில்ட் பேக்கேஜ் விண்டோஸில் இறங்கியிருந்தால் லினக்ஸ் கண்டெய்னரில் ஓடாது.

4. ஓட்டிப் பாருங்கள்

'டாக்கர் கம்போஸ் அப்', கூடவே '--பில்ட்' ஆப்ஷன். போர்ட் 8080:80, அதாவது லேப்டாப்பின் 8080 கண்டெய்னரின் 80-க்குப் போகும். லேப்டாப்பில் பார்த்து நிறுத்திவிடாமல், அதே வைஃபையில் இருக்கும் போனில் லேப்டாப்பின் ஐபியும் 8080-ம் போட்டுத் திறந்து பாருங்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் பட்டறைக்குப் போகும் முன்பே பிடித்திருப்பேன்.

பிறகு சேர்த்தது

ஈரோட்டு நண்பர் ஒருவர் இதன்படி செய்துவிட்டு, உள்பக்கத்தில் ரெஃப்ரெஷ் செய்தால் 404 வருகிறது என்றார். அந்தப் பெயரில் டிஸ்க்கில் ஃபைல் இல்லை, பிரவுசருக்குள் பக்கம் மாற்றும் ரியாக்ட் ரவுட்டர் மட்டுமே அறிந்த வழி அது. என்ஜின்எக்ஸில் 'டிரை_ஃபைல்ஸ்' வரியின் கடைசியில் '/இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்' கொடுத்ததும் சரியானது.

அவருக்கு ஏபிஐயும் 404 கொடுத்தது. காரணம், 'ப்ராக்ஸி_பாஸ்' முகவரியின் முடிவில் இருந்த ஒரு சாய்கோடு. அது இருந்தால் என்ஜின்எக்ஸ் '/ஏபிஐ/' பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்பும். இல்லாவிட்டால் முழுசாக அனுப்பும். அவருடைய பேக்எண்ட் '/ஏபிஐ/' என்றே எதிர்பார்த்தது, சாய்கோட்டை எடுத்ததும் பட்டியல் வந்துவிட்டது.